கருங்கல் எடை அறையில் கிடந்த பாஸ்வேர்டு

"தம்பி, எனக்க ஐடி இன்னைக்கும் பூட்டிப் போச்சு கேட்டியா."

காலை 8.50 மணிக்கு மார்த்தாண்டத்திலிருந்து இந்தப் போன் வருவது அது ஆறாவது நாள். பேசியவர் ஒரு முந்திரி ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவைக் கவனிக்கும் அக்கா. நான் நாகர்கோவிலில் இருந்துகொண்டு நான்கைந்து நிறுவனங்களின் கணினி வலையமைப்பைப் பார்த்துக்கொள்கிறவன். இந்த நிறுவனம் என் கைக்கு வந்து அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. எனக்கு முன்னால் பார்த்த தம்பி வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விட்டான். அவன் விட்டுப்போன ஆவணம் என்று பார்த்தால் ஓர் எக்செல் தாள். அதிலும் பாதி காலி.

நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை, அமைப்பு மட்டும் போதும். தலைமை அலுவலகம் மார்த்தாண்டத்தில். கருங்கல், அருமனை, குலசேகரம் ஆகிய மூன்று ஊர்களில் அண்டி ஆபீஸ். (வெளியூர்க்காரர்களுக்கு: குமரி மேற்கில் முந்திரித் தொழிற்சாலைக்கு அதுதான் பெயர். ஆபீஸ் என்று நம்பிப் போனால் உள்ளே வறுத்த ஓட்டின் புகைவாசமும் பருப்பு உடைக்கும் சத்தமும்தான் வரவேற்கும்.) மொத்தம் 58 சிஸ்டம், எல்லாக் கணினியையும் பயனர் கணக்கையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் விண்டோஸ் டொமைன் ஒன்று, அதில் பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் சர்வர்களான டொமைன் கண்ட்ரோலர் இரண்டு. 60 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டு மாற்ற வேண்டும். பழைய 24 பாஸ்வேர்டுகளைத் திரும்ப வைக்க முடியாது. ஐந்து முறை தப்பாகப் போட்டால் கணக்கு அரை மணி நேரம் பூட்டிக்கொள்ளும்.

அக்கா வெள்ளிக்கிழமை மாலை பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார். சனிக்கிழமை காலையிலிருந்து தொடங்கியது இந்தக் கூத்து. நான் பூட்டைத் திறந்துவிட்டால் மூன்று நிமிடத்தில் மறுபடியும் பூட்டிக்கொள்கிறது. ஏற்கெனவே உள்ளே இருந்தால் கொஞ்ச நேரம் வேலை ஓடும். டீ குடிக்க எழுந்துபோய்த் திரும்பி வந்தால் திரை திறக்காது.

இப்படி ஒரு புகார் வந்தால் யாரும் முதலில் பார்க்கும் இடங்களை நானும் பார்த்தேன். அக்காவின் போனில் அலுவலக மெயில் பழைய பாஸ்வேர்டோடு இருக்கிறதா? இல்லை. அவர் சிஸ்டத்தில், விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் பெட்டகமான கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து சேமித்தவை அனைத்தையும் அழித்தேன். சர்வர் ஃபோல்டர்களோடு மேப் செய்த டிரைவுகளைத் துண்டித்து மறுபடி இணைத்தேன். வேறு எந்த சிஸ்டத்திலாவது அவர் நுழைந்துவிட்டு வெளியேறாமல் இருக்கிறாரா என்றும் பார்த்தாயிற்று. பலன் இல்லை.

நாலாவது நாள் முதலாளிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வேலையை விட்டுப்போன யாரோ வெளியிலிருந்து உள்ளே நுழையப் பார்க்கிறார்கள் என்று அவருக்கு உறுதியாகவே தோன்றியது. ஒரு பெயரையும் சொன்னார். சிரித்துத் தள்ளிவிட முடியாத சந்தேகம் அது. உண்மையிலேயே வெளியாள் ஊடுருவல் என்றால், மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் போட்ட உத்தரவின்படி 6 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்தாக வேண்டும். அதே உத்தரவு 180 நாள் பதிவுகளைப் பத்திரமாக வைத்திருக்கவும் சொல்கிறது. நான் சர்வரில் போய்ப் பார்த்தபோது பாதுகாப்புப் பதிவு 9 நாளுக்குத்தான் இருந்தது. கோப்பு நிறைந்ததும் பழையதன் மேலேயே எழுதிக்கொண்டு போகும்படி விட்டிருந்தார்கள். அதற்கு வெளியே இன்னொரு பிரதி கிடையாது. வந்த மூன்று மாதத்தில் இதை நானும் கவனிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

4740

கணக்கு பூட்டினால் டொமைனில் 4740 என்ற எண்ணுள்ள நிகழ்வு பதிவாகும். எந்தக் கண்ட்ரோலரில் தப்பான பாஸ்வேர்டு வந்தாலும், பிடிசி எமுலேட்டர் என்ற தலைமைப் பொறுப்பில் இருக்கும் கண்ட்ரோலருக்கு அந்தச் செய்தி போய்ச் சேரும். அதனால் தேட வேண்டியது அந்த ஓர் இடத்தில்தான். நான் முதல் மூன்று நாளும் தேடியது மற்றக் கண்ட்ரோலரில். யாருக்கும் சொல்லவில்லை, இங்கேதான் சொல்கிறேன்.

சரியான இடத்தில் பார்த்ததும் அரை நிமிடத்தில் விடை கிடைத்தது. அழைத்த கணினி என்ற இடத்தில், ஆறு நாளும் ஒரே பெயர்: கருங்கல் எடை அறையின் சிஸ்டம்.

அக்காவிடம் கேட்டேன். "கருங்கல்லுக்கு நான் போயே ரெண்டு வருசம் இருக்கும் தம்பி. எனக்க பாஸ்வேர்டை நான் யாருக்கும் சொல்லல்ல."

எடை அறை

மறுநாள் கருங்கல் போனேன். ஆனி மாத மழை. மார்த்தாண்டத்திலிருந்து பைக்கில் போய் இறங்கும்போது சட்டை பிழிந்தால் ஒரு வாளி வெள்ளம் இருக்கும். எடை அறை என்பது பருப்பு உரிக்கும் கூடத்தின் ஓரத்தில் கண்ணாடித் தடுப்பு வைத்த சின்ன இடம். மின்னணுத் தராசு, அதன் பக்கத்தில் ஒரு பழைய டெஸ்க்டாப், மேலே நாள்காட்டி. கூலி இங்கே எடைக்கணக்கில்தான். உடைத்ததும் உரித்ததும் எத்தனை கிலோ என்று ஆளுக்கு ஆள் இந்த மேசையில் எழுதப்படும். தரம் பிரித்த பருப்பும் இங்கேதான் எடை போடப்படும். டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 பருப்பு வரை நிற்கும் தரம். அதிகமாகப் போவது அதுதான்.

சிஸ்டத்தை இயக்குபவர் அங்கே கணக்கு எழுதும் ஒரு பெண். அவருக்குச் சொந்தமாக ஒரு டொமைன் கணக்கு உண்டு. அதில் நுழைந்து கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்தேன். காலி. கட்டளைத் திரையில், சேமித்தவற்றைக் காட்டும் சிஎம்டிகீ என்ற கட்டளையால் பட்டியல் கேட்டேன். அதுவும் காலி. ஒரு நிமிடம் எனக்கே குழப்பம்தான். பூட்டுகிற கணினி இதுதான் என்று சர்வர் சத்தியம் செய்கிறது. சேமித்த எதுவும் இல்லை என்று இந்தச் சிஸ்டமும் சத்தியம் செய்கிறது.

அந்தச் சிஸ்டத்தின் பாதுகாப்புப் பதிவில் 4648 என்ற நிகழ்வைத் தேடினேன். ஒருவராக உள்ளே இருந்துகொண்டு இன்னொருவரின் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து எங்கேயாவது நுழைய முயன்றால் அது பதிவாகும். வரிசையாக நின்றது. பயன்படுத்தப்பட்ட கணக்கு அக்காவினுடையது. பயன்படுத்தியது யார் என்ற இடத்தில் எந்த ஆளின் பெயரும் இல்லை. 'சிஸ்டம்', அதாவது விண்டோஸே தன் சொந்த வேலைகளுக்கு வைத்திருக்கும் கணக்கு. முயற்சிகளுக்கு இடையே சரியாக 30 நொடி.

30 நொடி என்றதும் எனக்குப் பொறி தட்டியது. ரோபோகாப்பி. கோப்புகளை நகலெடுக்க விண்டோஸில் உள்ள அந்தக் கருவிக்கு நாம் எதுவும் சொல்லாவிட்டால், தோல்வி வந்ததும் 30 நொடி காத்திருந்து மறுபடி முயலும். அப்படிப் பத்து லட்சம் தடவை. கணக்குப் போட்டுப் பார்த்தால் 347 நாள். ஏறக்குறைய ஒரு வருடம் சளைக்காமல் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும் ஒருவனை அமர்த்தியது போல.

குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓடவைக்கும் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்தேன். இருந்தது: எடைத் தாள்களை 15 நிமிடத்துக்கு ஒருமுறை தலைமை அலுவலகச் சர்வருக்கு அனுப்பும் வேலை, 'சிஸ்டம்' கணக்கில் ஓடும்படி. இனி கேள்வி ஒன்றுதான்: அக்காவின் பாஸ்வேர்டு எங்கே கிடக்கிறது?

கிரெடென்ஷியல் மேனேஜர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி. நான் திறந்தால் என்னுடையது தெரியும், எடை அறைப் பெண் திறந்தால் அவருடையது தெரியும். 'சிஸ்டம்' கணக்குக்கும் அப்படி ஒரு பெட்டகம் உண்டு என்பதும், சாதாரணமாக நுழைகிற யாருக்கும் அது கண்ணில் படாது என்பதும் பலருக்குத் தெரியாது. பிஎஸ்எக்ஸெக் என்ற சிறு கருவியால் கட்டளைத் திரையையே 'சிஸ்டம்' ஆகத் திறந்து, அங்கிருந்து மறுபடி பட்டியல் கேட்டேன். ஒரே ஒரு வரி வந்தது. இலக்கு: தலைமை அலுவலகக் கோப்புச் சர்வர். பயனர்: அக்கா.

அங்கிருந்தே வளைகுடாத் தம்பியை வாட்ஸாப்பில் கூப்பிட்டேன். இரண்டாவது மணியில் எடுத்தான். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்சம் அமைதி.

"அது நான் வச்சதுதாண்ணே. அந்த ஃபோல்டர்ல எழுத அக்காவுக்குத்தான் ரைட்ஸ் இருந்துச்சு. அன்னைக்கு சம்பளத்துக்கு முந்தின நாளு, ஒரே அவசரம். அக்காட்ட போன்ல கேட்டேன், சொன்னாங்க. பொறவு சரியாக்கலாம்னு நெனச்சேன், மறந்துட்டேன்."

மார்த்தாண்டம் திரும்பி அக்காவிடம் சொன்னபோது, "அது அந்தப் பயல்ட்ட சொன்னது தானே, வேற யாருட்டயும் இல்லியே" என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. சிஸ்டம் பார்க்கிறவனிடம் சொன்னதை, 'யாரிடமோ சொன்னது' என்ற கணக்கிலேயே யாரும் சேர்ப்பதில்லை. எனக்கும் எத்தனையோ பேர் இப்படிச் சொல்லியிருக்கிறார்கள். நானும் கேட்டிருக்கிறேன்.

ஏன் மூன்றாவது மாற்றத்தில்?

பாஸ்வேர்டு 60 நாளுக்கு ஒருமுறை மாறுகிறது. சேமித்து வைத்தது பழையது. அப்படியென்றால் முதல் மாற்றத்திலேயே பூட்டியிருக்க வேண்டுமே? அக்கா மாற்றியது இது மூன்றாவது தடவை.

இதற்கான விடை விண்டோஸ் சர்வர் 2003 காலத்திலிருந்து இருக்கும் ஓர் ஏற்பாட்டில் இருக்கிறது. தப்பான பாஸ்வேர்டு வந்தால், எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு முன் கண்ட்ரோலர் பாஸ்வேர்டு வரலாற்றைப் பார்க்கும். வந்தது இப்போதையதற்கு முந்தைய இரண்டில் ஒன்றாக இருந்தால் உள்ளே விடாது. ஆனால் தப்பு எண்ணிக்கையிலும் சேர்க்காது. பழக்கதோஷத்தில் பழையதைத் தட்டுகிறவர்களும், போனில் பழையது கிடக்கிறவர்களும் உடனே பூட்டிக்கொள்ளக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். மூன்றாவது மாற்றத்தில் அந்தச் சலுகை தீர்ந்தது. எடை அறையில் கிடந்த பாஸ்வேர்டு 'பழையது' என்ற தகுதியை இழந்து, முழுத் தப்பானது ஆகிவிட்டது. 30 நொடிக்கு ஒன்று வீதம் ஐந்து தப்பு. இரண்டு நிமிடத்தில் பூட்டு. காலை 8.40க்கு எடை அறைச் சிஸ்டத்தைப் போடுவார்கள், 8.50க்கு எனக்குப் போன் வரும்.

இதிலிருந்து இன்னொன்று தானாக வெளியே வந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது அதுதான். உள்ளே விடவில்லை என்றால், முதல் மாற்றத்திலிருந்தே எடைத் தாள் எதுவும் சர்வருக்குப் போயிருக்க முடியாது. சர்வரில் அந்த ஃபோல்டரைத் திறந்தேன். கடைசிக் கோப்பு 120 நாளுக்கு முந்தையது.

நான்கு மாதமாக, எடைக்கணக்கில் கூலி வாங்கும் பெண்களின் சம்பளம் எதை வைத்துப் போடப்பட்டது? எடை அறைப் பெண்ணிடம் கேட்டேன். "கம்ப்யூட்டர்ல வரல்லண்ணு ஆபீஸ்ல சொன்னாங்க அண்ணே. அதுல இருந்து நான் தினமும் சாயங்காலம் நோட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸாப்ல விடுவேன்." தலைமை அலுவலகத்தில் ஒருவர் அந்தப் போட்டோவைப் பார்த்து ஒவ்வொரு வரியாகத் தட்டச்சு செய்து வந்திருக்கிறார். இரண்டு பேரும் சிஸ்டம் பார்க்கிறவனிடம் சொல்லவில்லை. முதல் ஒரு மாதம் சொல்ல ஆளும் இல்லை. நோட்டையும் சம்பளப் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை அப்புறம் மூன்று நாள் நடந்தது. சில வரிகளில் இலக்கம் இடம் மாறியிருந்தது. அடுத்த சம்பளத்தில் சரிசெய்தார்கள்.

கருங்கல் சிக்கலுக்குத் தீர்வு வெட்கப்படும் அளவுக்கு எளிது. டொமைனில் சேர்ந்த ஒரு கணினியின் 'சிஸ்டம்' கணக்கு வலையமைப்பில் வெளியே போகும்போது அந்தக் கணினியின் பெயரிலேயே போகும். ஒவ்வொரு கணினிக்கும் டொமைனில் ஒரு கணக்கு இருக்கிறது, அதன் பாஸ்வேர்டை விண்டோஸே பார்த்துக்கொள்ளும். ஃபோல்டரில் எழுதும் உரிமையை எடை அறைக் கணினியின் பெயருக்குக் கொடுத்தேன். சேமித்த வரியை அழித்தேன். ரோபோகாப்பிக்கு மூன்று தடவைக்கு மேல் முயலாதே என்று சொல்லிவைத்தேன். பத்து நிமிட வேலை. அன்றைக்கு அந்தத் தம்பிக்கு இது தெரிந்திருந்தால் யாருடைய பாஸ்வேர்டும் தேவைப்பட்டிருக்காது.

மீதி 57

ஓர் அறையில் ஒன்று கிடந்தால் மற்ற அறைகளில் என்ன கிடக்கிறது? முதலாளியிடம் கேட்டுப் பத்து நாள் வாங்கினேன்.

எல்லாக் கணினிக்கும் ஒரே இடத்திலிருந்து விதி போடும் குரூப் பாலிசியில் இரண்டு சின்ன ஸ்கிரிப்ட் போட்டேன். ஒன்று, ஒவ்வொருவரும் நுழையும்போது ஓடி அவரவர் பெட்டகத்தின் பட்டியலை எடுக்கும். மற்றது, கணினி தொடங்கும்போது ஓடும். தொடக்க ஸ்கிரிப்ட் 'சிஸ்டம்' ஆகவே ஓடுவதால் அந்த மறைவான பெட்டகமும் சேர்ந்து வந்துவிடும். பட்டியல்கள் சர்வரில் ஒரு ஃபோல்டரில் விழும். அதில் போடலாம், திறந்து பார்க்க முடியாது. பட்டியலில் இலக்கும் பயனர் பெயரும் மட்டும்தான் இருக்கும், பாஸ்வேர்டு வராது. ஊழியர்களுக்கு இதை முன்கூட்டியே சொன்னேன். சொல்லாமல் செய்திருந்தால் வேலை சுலபம். அப்புறம் அவர்கள் முகத்தைப் பார்ப்பது கஷ்டம்.

வந்ததில் பெரும்பாலானவை ஆஃபீஸ் மென்பொருள் தானாக வைத்துக்கொள்ளும் டோக்கன்கள். அவற்றால் தொல்லை இல்லை. பிரிண்டருக்கும் ஸ்கேனருக்கும் வைத்தவை சில. ஆனால் நான்கு சிஸ்டங்களில், இருந்த இடத்திலிருந்தே சர்வரைத் திறக்கும் ரிமோட் டெஸ்க்டாப்புக்காகச் சேமித்த டொமைன் நிர்வாகியின் பாஸ்வேர்டு இருந்தது. பழுது பார்க்க வந்தபோது 'நினைவில் வை' கட்டத்தில் டிக் போட்டுவிட்டுப் போன வேலை. அதில் ஒன்று வரவேற்பறைச் சிஸ்டம். ஏலக்காய் டீ வரும்வரை உட்காரச் சொல்லும் நாற்காலிக்கு எதிரே இருப்பது. அங்கே உட்கார்ந்து ஒரு ஐகானை இருமுறை சொடுக்கினால் சர்வர் திறக்கும், கேள்வி கிடையாது.

இந்தப் பெட்டகம் பூட்டியிருப்பது உண்மைதான். விண்டோஸ் 2000இலிருந்து இருக்கும் டிபிஏபிஐ என்ற முறையில், பயனரின் சொந்தப் பாஸ்வேர்டிலிருந்து பிறக்கும் சாவியால் பூட்டப்பட்டிருக்கிறது. வன்தட்டைக் கழற்றிக்கொண்டு போனவன் சும்மா திறந்துவிட முடியாது. ஆனால் அந்தப் பயனர் உள்ளே நுழைந்திருக்கும் நேரத்தில், அவர் பெயரில் ஓடும் எந்த நிரலும் திறக்கலாம். மெயிலில் வந்த இணைப்பைத் திறந்து உள்ளே நுழைந்த தீநிரல் உட்பட. பிரான்ஸைச் சேர்ந்த பெஞ்சமின் டெல்பி 2011இல் வெளியிட்ட மிமிகேட்ஸ் என்ற கருவி வந்த பிறகு, விண்டோஸ் உள்ளே வைத்திருக்கும் பாஸ்வேர்டுகளை எடுப்பது நிபுணர் வேலையாக இல்லாமல் போனது.

அடுத்தது என் பட்டியல்களில் வராத ஒன்று. இந்த டொமைன் 2008 ஆர்2 சர்வரில் பிறந்து, சர்வர் மாறி மாறி வந்தது. குரூப் பாலிசிக் கோப்புகள் கிடக்கும் சிஸ்வால் என்ற பொது ஃபோல்டரில் தேடினேன். எதிர்பார்த்த பழைய எக்ஸ்எம்எல் கோப்பு இருந்தது. அந்தக் காலத்தில் எல்லாக் கணினிக்கும் ஒரே நேரத்தில் உள்ளூர் நிர்வாகி பாஸ்வேர்டு வைக்க குரூப் பாலிசியில் ஒரு வசதி உண்டு. பாஸ்வேர்டை ஏஇஎஸ் முறையில் மறைத்து இந்தக் கோப்பில் வைக்கும். மறைக்கும் சாவி எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றே. அதை மைக்ரோசாஃப்டே தன் ஆவணத்தில் வெளியிட்டிருந்தது. சிஸ்வாலை டொமைனில் உள்ள யாரும் படிக்கலாம். 2014 மே மாதத் திருத்தம் புதிதாக இப்படி வைப்பதைத் தடுத்தது. ஏற்கெனவே இருந்த கோப்புகளைத் தொடவில்லை. அழிப்பது நம் வேலை என்று விட்டுவிட்டார்கள். இங்கே யாரும் அழிக்கவில்லை. நான் அவிழ்த்துப் பார்த்தேன்: முதலாளியின் பழைய காரின் பதிவு எண். 58 சிஸ்டத்துக்கும் அதுவே.

பிரவுசரில் சேமித்தவை தனிக்கதை. சுங்கத்துறையின் ஐஸ்கேட், ஜிஎஸ்டி, இ-வே பில் என்று எல்லாத் தளத்தின் பாஸ்வேர்டும் கணக்குப் பிரிவில் மூன்று பிரவுசர்களில் இருந்தது. அதில் இரண்டு பேர் தங்கள் சொந்த ஜிமெயிலில் நுழைந்து ஒத்திசைவும் போட்டிருந்தார்கள். அலுவலகப் பாஸ்வேர்டு வீட்டுப் போன் வரை போய்ச் சேர்ந்திருந்தது. குலசேகரத்தில் சிஎம்டிகீ எதுவும் காட்டவில்லை, ரொம்ப ஒழுங்கு என்று நினைத்தேன். நேரில் போனபோது நாள்காட்டியின் கிழித்த தாளில், நல்ல நேரம் ராகு காலத்துக்குப் பின்புறம், எல்லாப் பாஸ்வேர்டும் அழகான கையெழுத்தில் இருந்தது. யூபிஎஸ் மேல் ஒட்டியிருந்தார்கள்.

என் கையால் ஒன்று

இந்தப் பத்து நாளில் நானே ஒரு சேதமும் செய்தேன். ஏற்றுமதி மேலாளரின் லேப்டாப் டொமைனில் சேராதது, உள்ளூர்க் கணக்கு. அவர் பாஸ்வேர்டை மறந்துவிட்டார். நிர்வாகியாக நுழைந்து புதியது வைத்துக் கொடுத்தேன். உள்ளே போனார், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு எல்லாம் போயிருந்தது.

பயனர் தானே பழையதைக் கொடுத்துப் புதியதை வைத்தால், விண்டோஸ் பெட்டகச் சாவியைப் புதியதால் மறுபடி பூட்டிக்கொள்ளும். நிர்வாகி வெளியிலிருந்து மாற்றினால் பழைய பாஸ்வேர்டு யாரிடமும் இல்லை, சாவி திறக்காது. டொமைன் கணக்குக்கு இந்தக் கஷ்டம் இல்லை, கண்ட்ரோலரிடம் மாற்றுச் சாவி இருக்கும். உள்ளூர்க் கணக்குக்கு ஒரே வழி, பழைய பாஸ்வேர்டு நினைவுக்கு வந்து அதையே திரும்ப வைப்பது. மனிதர் மறந்ததால்தானே என்னைக் கூப்பிட்டார்! இதெல்லாம் எனக்குத் தெரியாததில்லை. தெரிந்தும், போன் ஒலித்துக்கொண்டே இருந்த ஒரு மத்தியானத்தில் செய்துவிட்டேன். ஒவ்வொரு தளமாக ஓடிபி வாங்கிப் புதுப்பிக்க அவருக்கு ஒன்றரை நாள் ஆனது. அண்ணாச்சி பெரிதாக எதுவும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மாற்றியவை

விண்டோஸில் 'வலையமைப்புப் பாஸ்வேர்டுகளைச் சேமிக்க விடாதே' என்று ஒரு பாலிசி இருக்கிறது. அதை ஒரேயடியாக எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டால் கதை முடிந்தது என்று தோன்றும். போட்டுப் பார்த்தேன். மறுநாள் பேக்கப்புக்கு ஒரு ஷெட்யூல் வேலை உருவாக்கப் போனபோது, அப்படி ஒரு நுழைவு அமர்வே இல்லை என்று விண்டோஸ் மறுத்தது. பாஸ்வேர்டோடு ஓட வேண்டிய ஷெட்யூல் வேலைகளும் இதே பெட்டகத்தைத்தான் நம்பியிருக்கின்றன. பாலிசியை எடுத்துவிட்டு, பலர் கை படும் சிஸ்டங்களுக்கு மட்டும் வைத்தேன்: எடை அறைகள், வரவேற்பறை, குடோன். பேக்கப் வேலையை ஜிஎம்எஸ்ஏ கணக்குக்கு மாற்றினேன். சர்வர் 2012இல் வந்த வகை இது. பாஸ்வேர்டை டொமைனே 30 நாளுக்கு ஒருமுறை மாற்றும், எந்த மனிதருக்கும் தெரியாது.

கார் நம்பரை ஒழித்து லேப்ஸ் போட்டோம். 2023 ஏப்ரலிலிருந்து அது விண்டோஸின் புதுப்பிப்பிலேயே வருகிறது. ஒவ்வொரு கணினிக்கும் வெவ்வேறு நிர்வாகிப் பாஸ்வேர்டு, தானாக மாறும். டொமைன் நிர்வாகி இனி சர்வரைத் தவிர வேறு எங்கும் நுழைய முடியாது. பழுது பார்க்க எனக்கு வேறு, சின்னக் கணக்கு. இதனால் அதிகம் எரிச்சல்படுகிறவன் நான்தான்.

கணக்குப் பிரிவு பிரவுசர்களில் சேமிப்பை நிறுத்தி, கீபாஸ் என்ற பாஸ்வேர்டு பெட்டக மென்பொருள் வைத்தோம். முதல் வாரம் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. "முந்தி தானா வரும், இப்போ நான் போய் எடுத்துட்டு வரணும்." முதன்மைப் பாஸ்வேர்டு அக்காவுக்கும் மேலாளருக்கும் தெரியும், ஒட்டிய உறையில் ஒன்று முதலாளியின் இரும்புப் பெட்டிக்குள். சர்வரை எட்ட முடியாதபோதும் உள்ளே விடுவதற்காக நுழைவுத் தகவலைக் கணினி நினைவில் வைத்துக்கொள்ளும் வசதியை நான் தொடவில்லை. வழக்கமாகக் கடைசி 10 பேர் வரை அது வைத்துக்கொள்ளும். அதைச் சுழியம் ஆக்கச் சொல்லும் அறிவுரைகளை வாசித்திருக்கிறேன். அவற்றை எழுதியவர்கள் மழையில் கேபிள் அறுந்து அரைநாள் இணைப்பில்லாமல் கிடக்கும் அருமனையைப் பார்த்ததில்லை.

60 நாள் விதியைப் பற்றித்தான் பெரிய வாக்குவாதம். மைக்ரோசாஃப்ட் 2019 மே மாதமே தன் பரிந்துரைப் பட்டியலிலிருந்து கட்டாய மாற்றத்தை எடுத்துவிட்டது. அமெரிக்காவின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017இலேயே காரணமில்லாமல் மாற்றச் சொல்லாதே என்றது. ஆளுக்கு 14 எழுத்துக்குக் குறையாத ஒன்று, கசிந்தால் மட்டும் மாற்றம் என்றேன். ஆடிட்டர் ஒப்பவில்லை. "அந்த 60 நாள் இல்லேன்னா உமக்கு கருங்கல்லே தெரிஞ்சிருக்காதே" என்றார். அதற்குச் சட்டென்று பதில் வரவில்லை. முதல் மாற்றத்தில் எடைத் தாளை நிறுத்தியதும் அதே விதிதான் என்பது பேருந்தில் நாகர்கோவில் வடசேரி திரும்பும்போதுதான் தோன்றியது. இப்போதைக்கு 180 நாள் என்று நடுவில் நிற்கிறது.

பதிவுகள் இப்போது தனி வட்டில் 180 நாளுக்கு நிற்கின்றன. யாராவது வேலையை விட்டால், அவர் கணக்கை மூடுவதோடு, அவர் வைத்துவிட்டுப் போனவற்றைப் பட்டியலில் தேடும் ஒரு படியும் சேர்ந்திருக்கிறது. ஸ்கிரிப்ட் இரண்டும் மாதம் ஒருமுறை ஓடுகின்றன.

கருங்கல் எடைத் தாள்கள் 15 நிமிடத்துக்கு ஒருமுறை சர்வரில் வந்து விழுகின்றன. எடை அறைப் பெண் இன்றும் சாயங்காலம் நோட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் விடுகிறார். இனி வேண்டாமே என்று ஒருமுறை சொன்னேன்.

"இருக்கட்டும் அண்ணே" என்றார், போட்டோவைச் சரியாக விழுந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே.